குடுத்த நம்பரு போன வழி

நம்ம பேரைப் பதிவேட்டில் ஏத்துறது பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதை. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வந்தார்கள். ரெனோன்சான் என்று பேர். தலித்துகள் பலர் சமத்துவம் தேடிக் கையெழுத்துப் போட்டார்கள். 1884இல் வாக்காளரை ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என மூன்று பட்டியலாக்கினது அரசு. உரிமைக்குக் குடுத்த பேரு ஆளைப் பிரிக்க உதவியது.

2021 புதுச்சேரித் தேர்தலில் இன்னும் ஒருபடி மேலே. பூத் வாரி வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்லி செல்போன்களுக்குச் செய்தி. ஆதாரோடு இணைந்த எண்களுக்குத்தான் வந்ததென்று, பாரதிய ஜனதா கட்சி மீது இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். தொண்டர்கள் வீடுவீடாகத் திரட்டியது என்றது கட்சி. எங்களிடமிருந்து கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். குற்றச்சாட்டு நம்பத்தக்கது, ஆணையம் பதில் சொல்லட்டும் என்றது நீதிமன்றம். ஏப்ரல் 6ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்து முடிந்தது.

பிள்ளைச்சாவடியில் ரேஷன், சாதிச் சான்றிதழ், உதவித்தொகை எதுக்குப் போனாலும் நம்பர் கேப்பான். தரமாட்டேன்னு சொல்ல நமக்கு வசதி ஏது? எண்ணோடு தெருப் பெயரும் சேர்ந்தால் ஊரா சேரியா என்பதும் தெரிந்துபோகும்.

வெளியிடப்படும் வாக்காளர் பட்டியலில் செல்போன் எண் கிடையாது. அப்புறம் பூத் வாரியாக எண்ணைச் சேர்த்துக் கட்டியது யார், எந்த மேசையில் என்றுதான் நான் கேட்கிறேன்.