பேபி சர்ப்ரைஸ் ஜாக்கெட்

பிரிட்டனில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த பின்னற்கலைஞர் எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) 1968-இல் வடிவமைத்த குழந்தைக் கம்பளிச் சட்டை. முன்பக்கம், முதுகு, கை என்று தனித்தனியாகப் பின்னி இணைக்கும் வழக்கம் இதில் இல்லை. முழுச் சட்டையும் ஒரே துண்டு.

ஊசியில் 160 கண்ணி ஏற்றித் தொடங்குவார்கள். ஒன்று விட்ட வரிசைகளில், குறித்து வைத்த இரண்டு இடங்களில் மட்டும் மும்மூன்று கண்ணிகளை ஒன்றாக்கிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு அதே இடங்களில் கண்ணிகளைக் கூட்ட வேண்டும். பின்னி முடித்ததும் கையில் இருப்பது சட்டை என்று யாரும் நம்பமாட்டார்கள். கோணல்மாணலான ஒரு கம்பளித் துண்டுதான். அதை இரண்டு இடத்தில் மடித்தால் கையும் மார்பும் தோளும் தாமாக அமைந்துவிடும். தோளிலிருந்து கை நெடுக இரண்டே தையல்.

முழுக்க கார்ட்டர் பின்னல் என்பதால் துணி நன்றாக நெகிழும். வளரும் குழந்தைக்கு அது வசதி. அளவை மாற்றக் கணக்கைத் தொட வேண்டாம், நூலையும் ஊசியையும் தடிமனாக்கினாலே போதும். பொத்தான் துளைகளை இரு ஓரத்திலும் போட்டு வைத்தால், பிறப்பது ஆணா பெண்ணா என்று தெரிந்தபின் ஒரு பக்கத் துளைகளின்மேல் பொத்தான் தைத்துக்கொள்ளலாம்.

ஜோடித் தொப்பிக்குக் கணக்கு வேறு. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ.; தொப்பி நழுவாதிருக்க 32 செ.மீ. அளவில் பின்னலாம். 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழும் நூலென்றால் ஏறக்குறைய 70 கண்ணி.