பனியில் விழுந்த பொட்டலங்கள்

1942 மார்ச். நார்வே நாஜிகளின் பிடிக்குள் போய் இரண்டு ஆண்டுகள் நெருங்கிக்கொண்டிருந்தன. நாஜிகளோடு கைகோத்த க்விஸ்லிங்கின் பொம்மை அரசு தொடங்கிய ஆசிரியர் சங்கத்தில் சேர மாட்டோம் என்று ஆயிரக்கணக்கான பள்ளி ஆசிரியர்கள் கடிதம் எழுதி அனுப்பிவிட்டார்கள். சுமார் 1,100 பேர் கைதானார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் வடகோடியில் உள்ள கிர்கெனெஸுக்குக் கடும் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படியும் பெரும்பாலானவர்கள் பணியவில்லை.

அதே மாதம் அமெரிக்காவில் ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி மூன் இஸ் டவுன்' என்ற சிறிய நாவல் வெளியானது. ஆக்கிரமிப்பிலிருந்து தப்பி வந்த அகதிகளோடு பேசிப் பேசி அவர் எழுதிய கதை அது. முதலில் ஓர் அமெரிக்க ஊரில்தான் கதையை அமைத்திருந்தார். அமெரிக்காவும் தோற்கக்கூடும் என்பதுபோல் ஆகிவிடும் என்று அதிகாரிகள் தயங்கவே, நாட்டின் பெயரை எடுத்துவிட்டார். படையெடுத்தவர்களின் பெயரும் நாவலில் கிடையாது.

பனி கொட்டும் சிறிய ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக்காக எதிரிப்படை அதைப் பிடித்துக்கொள்கிறது. ஊர்க்காவலுக்கு இருந்தவர்கள் 12 பேர்; 6 பேர் மாண்டார்கள், 3 பேர் குற்றுயிரானார்கள், மற்ற மூவரும் துப்பாக்கியோடு மலைக்கு ஓடினார்கள். ஊரைக் காட்டிக்கொடுத்தவன் எல்லோருக்கும் பழக்கமான கடைக்காரன்.

இதில் வாள் சுழற்றும் வீரன் எவனும் இல்லை. அலெக்ஸ் மார்டன் என்ற சுரங்கத் தொழிலாளி, கட்டாய வேலைக்கு உட்பட மறுத்துப் பிக்காசை ஓங்குகிறான். எதிரிப்படையின் அதிகாரி ஒருவன் சாகிறான். அலெக்ஸைச் சுட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் இரவு, தனிமை தாளாத எதிரிப்படை இளம் அதிகாரி டான்டர் அலெக்ஸின் மனைவி மோலியின் கதவைத் தட்டுகிறான். அவனுக்கு வேண்டியது அன்பாக நாலு வார்த்தை. அவன் இரண்டாம் முறை வரும்போது, கத்தரிக்கோலை உடைக்குள் செருகிக்கொண்டு மோலி கதவைத் திறக்கப் போகிறாள். அவன்மீது நமக்கே இரக்கம் வந்துவிட்ட பிறகு அவளை அந்தக் கதவுக்கு அனுப்புகிறார் ஸ்டைன்பெக். எதிர்ப்பு ஒரு மனுஷியிடம் எவ்வளவு பெரிய விலை கேட்கிறது என்று இதைவிட நெருக்கமாகச் சொன்ன காட்சியை நான் வாசித்ததில்லை.

பிறகு வானத்திலிருந்து சிறு பாராசூட்டுகளில் பொட்டலங்கள் விழுகின்றன. உள்ளே டைனமைட்டும் சாக்லேட்டும். தண்டவாளங்கள் தகர்கின்றன. ஊர் மேயர் ஆர்டனைப் பணயக் கைதியாக்கி, வெடி வைப்பதை நிறுத்தச் சொல்கிறார் எதிரிப்படைத் தலைவர் கர்னல் லான்சர். முதல் உலகப் போரைப் பார்த்த லான்சருக்கு, சுட்டுக்கொல்வதால் ஊர் அடங்காது என்பது தெரியும். தெரிந்தேதான் உத்தரவிடுகிறார். மக்கள் தன் பேச்சுக்காக நிறுத்த மாட்டார்கள் என்று மேயருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த சாக்ரடீஸின் வரிகளை நினைவுகூர்ந்தபடி அவர் சாகப் போகிறார்.

எதிரியை மனிதனாகக் காட்டிவிட்டார் என்று அமெரிக்காவில் பலத்த கண்டனம் எழுந்தது. எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பரும் விமர்சகர் கிளிஃப்டன் ஃபேடிமனும் கடுமையாகத் தாக்கினார்கள். குண்டு விழாத ஊரில் உட்கார்ந்து சொன்ன தீர்ப்பு அது. ஜெர்மானியச் சிப்பாய்களைத் தினமும் தெருவில் பார்த்தவர்கள் இந்தப் புத்தகத்தை வேறு விதமாக வாசித்தார்கள். அவர்களுக்கு அரக்கர்களைப் பற்றிய கதை தேவைப்படவில்லை. பயமும் ஊர் நினைப்பும் உள்ள ஆட்களையும் எதிர்த்துத்தான் ஆக வேண்டும் என்ற உறுதி தேவைப்பட்டது.

நாவலை நார்வே மொழியில் பெயர்த்து, ஸ்வீடனில் மெல்லிய தாளில் அச்சிட்டு, எல்லை தாண்டிக் கடத்தினார்கள். டென்மார்க்கில் சட்ட மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள். கோபன்ஹேகன் புத்தகக்கடைக்காரர் மோகன்ஸ் ஸ்டாஃபெல்ட் சைக்ளோஸ்டைல் முறையில் பிரதிகள் எடுத்துப் பரப்பினார். நெதர்லாந்தில் ஃபெர்டினாண்ட் ஸ்டெர்னபெர்க் என்ற நடிகர் மொழிபெயர்த்தார். விற்ற பணம், நாஜிக் கலாச்சார அமைப்பில் சேர மறுத்துப் பிழைப்பை இழந்த நடிகர்களுக்குப் போனது. பிரான்சில் தலைமறைவாக இயங்கிய 'எடிசியோன் த மினுயி' பதிப்பகம் 1944-இல் வெளியிட்டது. இவர்களில் யார் பிடிபட்டிருந்தாலும் சிறைதான், அல்லது அதைவிட மோசம்.

ஆகவே இந்த நாவலுக்கு மதிப்புரை எழுதும் தகுதி முதலில் அவர்களுக்குத்தான். அவர்களின் தீர்ப்பும் பதிவாகியிருக்கிறது: 1946-இல் நார்வே மன்னர் ஏழாம் ஹாகோன், போர்க்காலத்தில் நாட்டுக்குத் துணை நின்றவர்களுக்கான விடுதலைச் சிலுவை விருதை ஜான் ஸ்டைன்பெக்குக்கு வழங்கினார்.