பபூன்: ஒரு சொல்லின் இடமாற்றம்

ஆங்கிலத்தில் 'பபூன்' ஏறக்குறைய வசைச்சொல். கன்னத்தை உப்பிக் காட்டுபவன் என்று இத்தாலியத்தில் பிறந்து, பிரெஞ்சு வழியாக அங்கு சேர்ந்தது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் பங்களா கட்டிய கொடைக்கானலில் ஒருவரை அப்படி அழைத்தால் சண்டைதான் வரும். பழனிமலை அடிவாரத்துத் திருவிழா நோட்டீஸிலோ அது ஒரு பதவி. நடிகர் பெயருக்கு முன்னால் அச்சாகிறது.

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமண'த்துக்குப் பிரதி உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளிக்கும் முருகனுக்கும் முன்பே மேடையேறி, பேசியே கூட்டத்தை உட்காரவைக்கும் பபூனுக்குப் பிரதி கிடையாது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்த வேலையைத்தான் இவர் வேறு பெயரில் தொடர்கிறார்.

அச்சுப் பிரதிகளை மட்டும் நம்பி எழுதப்படும் நம் நாடக வரலாற்றில் இவருக்கு இடமில்லை. அதனால் நாம் இழப்பது ஒரு நூற்றாண்டின் பேச்சுத் தமிழை என்று நினைக்கிறேன்.