உண்ணி கடித்து வரும் சைவம்

நான் பிறவிச் சைவன். புலால் உண்ணாமை நல்லது என்று நம்புகிறவன். ஆனாலும் இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

கதை ஒரு புற்றுநோய் மருந்தில் தொடங்குகிறது. சுமார் 20 ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் செட்டுக்சிமாப் என்ற மருந்தை ஏற்றியவுடன் சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டது. டென்னசி, வட கரோலினா பக்கம் ஐந்தில் ஒருவருக்கு இப்படி. மற்ற இடங்களில் மிகக் குறைவு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டாக்டர் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த மருந்தில் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரைப் பொருள் இருந்தது. அது ஆடு, மாடு, பன்றி உடலில் உண்டு. மனித உடலில் இல்லை. அதை எதிர்க்கும் குணம் அந்த நோயாளிகளின் ரத்தத்தில் முன்பே இருந்தது.

அது எப்படி வந்தது? முதுகில் வெள்ளைப் புள்ளியுள்ள 'லோன் ஸ்டார்' உண்ணி கடித்ததால்! 2007-இல் மலைப்பாதையில் நடந்த டாக்டரையே உண்ணிகள் கடித்தன. பிறகு ஒருநாள் ஆட்டிறைச்சி சாப்பிட்டார். சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு.

இந்நோய் உடனே காட்டிக்கொள்ளாது. இரவு சாப்பிட்டால் 2 முதல் 6 மணி நேரம் கழித்து அரிப்பு, வயிற்று வலி, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தச் சரிவு. நடுநிசியில் உயிருக்கே ஆபத்தாகலாம். தப்பிப் பிழைத்தவர்கள் எபிநெஃப்ரின் ஊசியைக் கையோடு வைத்திருக்க வேண்டும். நோயைத் தீர்க்க மருந்தில்லை. சிலருக்குப் பால்கூட ஆகாது. ஜெலட்டின் மாத்திரை உறையும் ஆகாது. தினம் நாலு மாத்திரை விழுங்கும் நமக்கு அந்தக் கஷ்டம் புரியும். 2010-க்குப் பிறகு 4,50,000 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு.

இந்த நிலையில், 2025-இல் மிச்சிகன் மாநில மருத்துவக் கல்லூரி ஒன்றின் இரு பேராசிரியர்கள் 'பயோஎதிக்ஸ்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இறைச்சி உண்பது தவறு என்றால், அதை உண்ண முடியாமல் செய்யும் இந்த உண்ணியைப் பரப்புவது நம் கடமை என்பது அவர்கள் வாதம். செய்தி வெளியே வந்ததும் மக்கள் கொதித்தார்கள்.

ஒரு கருத்தை அதன் எல்லைவரை இழுத்துப் பார்ப்பது தத்துவக்காரர்களின் தொழில். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடுராத்திரி ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தவர் அதை வெறும் வாதமாக எப்படிப் படிப்பார்?

வள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்தார். துறவு என்பது தானே மனமுவந்து விடுவது. என் பாட்டி யாரையும் கட்டாயப்படுத்தாமல் அப்படித்தான் வாழ்ந்தார். ஒருவர் சம்மதமில்லாமல் அவர் உடம்பில் நோயை ஏற்றிவிட்டு, அதற்கு அறம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.