மூணு பிரேம்ல முடிஞ்சிரும்

நண்பன் ஒருவன் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறான். கறுப்புத் தாள். நடுவில் பேக்-மேன் விளையாட்டில் வரும் சிவப்புப் பேய், கட்டம் கட்டமாக, கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்தது. கீழே பென்சிலில் ஓவியரின் கையெழுத்து. 100 பிரதிகளில் இது எத்தனையாவது என்ற எண். போனில் அதைப் படம் எடுத்துவந்து, எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அண்ணனிடம் காட்டினேன். அது என்ன பேய், எந்த ஊர்ப் பேய் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "உடம்புக்கு சிவப்பு, கண்ணுக்கு வெள்ளை, கருவிழிக்கு நீலம். மூணு பிரேம்ல முடிஞ்சிரும் தம்பி. கறுப்புதான் தாள்லயே இருக்கே" என்றார்.

வீட்டுக்கு வந்து பேக்-மேன் இயந்திரத்தின் அமைப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாத்தானியின் குழு அதை உருவாக்கியபோது, ஓடுகிற ஒவ்வொரு உருவத்துக்கும் கிடைத்த இடம் 16க்கு 16 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 2 பிட். அதாவது மூன்று நிறங்கள், நான்காவதாக ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் வழியே பின்னாலிருக்கும் கறுப்பு தெரியும். அண்ணன் போட்ட அதே கணக்கு!

இது தற்செயல்தானா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

ஸ்கிரீன் பிரிண்டிங் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஒளிபட்டால் இறுகும் பூச்சைத் தடவுவார்கள். படத்தின் பிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் தண்ணீரில் கரைந்துபோகும். அந்தத் திறப்பு வழியாக மையை ரப்பர் கட்டையால் இழுக்கிறார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு பிரேம். ஒரு நிறம் கூடினால் ஒரு பிரேம் செலவு, ஒரு தடவை காயவைக்கும் நேரம், அளவு பிசகினால் ஒரு கட்டு தாள் வீண். அன்றைய கணினியில் அதே இடத்தில் நினைவகத்தின் விலை நின்றது. இரண்டு தொழிலிலும் நிறம் எண்ணித்தான் கிடைத்தது.

ஆனால் இரண்டுக்கும் உள்ள உறவு இந்த ஒற்றுமையோடு நிற்கவில்லை. பழைய வீடியோ கேமை இப்போது ஸ்கிரீன் பிரிண்ட் ஓவியமாகப் போடுவது, பழசின் மேல் உள்ள ஏக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வரலாற்றைப் பார்த்தால், கேம் பிறந்ததே இந்த மையின் வாசனைக்கு நடுவில்தான்.

வீடியோ கேமுக்கு முன்பு அமெரிக்க விளையாட்டுக் கூடங்களை ஆண்டது பின்பால். அதன் தலைக் கண்ணாடியில் இருக்கும் ஜொலிக்கும் படங்கள் எல்லாம் ஸ்கிரீன் பிரிண்ட். சிகாகோதான் அந்தத் தொழிலின் தலைநகரம். காட்லீப் நிறுவனத்தின் இயந்திரங்களுக்கு வரைந்த ராய் பார்க்கர் அந்தக் காலத்தின் பெரிய பெயர். கண்ணாடியின் பின்பக்கம் அச்சடிப்பதால் எல்லாம் தலைகீழ்: முன்னால் தெரிய வேண்டிய நிறத்தை முதலில் அடிக்க வேண்டும்.

1970களில் வீடியோ கேம் அதே கூடங்களுக்குள் நுழைந்தது. அதே முறைகளும் கூடவே வந்தன. பெட்டியின் நெற்றியில் விளக்கு எரியும் பெயர்ப்பலகை, திரையைச் சுற்றிய கண்ணாடி, கை வைக்கும் பலகையின் மேலுறை, இவையெல்லாம் ஸ்கிரீன் பிரிண்ட். மேலுறையைப் பின்பக்கமாக அச்சடித்தால் ஆயிரம் கை பட்டாலும் மை தேயாது. பக்கவாட்டுப் படங்கள் சிலவற்றில் அச்சடித்த ஸ்டிக்கராக வரும். அமெரிக்காவில் மிட்வே விற்ற பேக்-மேன் பெட்டியிலோ ஸ்டென்சில் வைத்து மரத்தின்மேலேயே பெயின்ட் அடித்தார்கள். ஸ்டென்சில்தான் ஸ்கிரீன் பிரிண்டிங்கின் தாய்முறை.

உள்ளே இருந்த விளையாட்டைப் பாருங்கள். 1976இல் வந்த அட்டாரியின் பிரேக்அவுட் கறுப்பு வெள்ளை. செங்கல் வரிசைகளின் நிறம், திரைமேல் ஒட்டிய வண்ண செலோபேன் பட்டைகளால் வந்தது. 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக தொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸின் முதல் வடிவமும் கறுப்பு வெள்ளைதான். நின்று ஆடும் பெட்டியில், நிலவின் தரையைக் காட்டும் படம் ஒன்றை உள்ளே வைத்து, கண்ணாடி வழியாக விளையாட்டை அதன்மேல் மிதக்கவிட்டார்கள். பெட்டியின் பக்கத்தில் மனித உருவில் பிரம்மாண்டமான அரக்கர்கள். திரையிலோ நண்டு மாதிரி சின்னச் சின்னப் புள்ளி உருவங்கள். அன்று காசு போட்ட பையன் இந்த இரண்டையும் மனசுக்குள் சேர்த்துத்தான் ஆடியிருப்பான். பாதி விளையாட்டு மின்சாரத்தில் ஓடியது, மீதி மையில்.

பிறகு என்ன ஆச்சு? 1980களில், பழைய பெட்டியிலேயே புது விளையாட்டை மாட்டும் கன்வர்ஷன் கிட் வந்தது. பலகையைக் கழற்றி வேறு பலகை, பக்கப் படத்தின்மேல் கறுப்பு பெயின்ட். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. வசூல் இல்லாத பெட்டி அவருக்கு வெறும் மரம். இன்று பழைய பெட்டிகளைச் சீர்செய்பவர்கள் அந்தக் கறுப்பைப் பொறுமையாகச் சுரண்டி, அடியில் இருக்கும் படத்தை மீட்கிறார்கள். மறுபதிப்புக்கும் டிஜிட்டல் அச்சைவிட ஸ்கிரீன் பிரிண்டையே பலர் தேடுகிறார்கள். காரணம், நிறம் நுண்புள்ளிகளாகச் சிதறாமல், தடவிப் பார்த்தால் கையில் தெரிகிற தடிப்போடு நிற்கும்.

2005இல் லாஸ் ஏஞ்சல்ஸின் காலரி 1988இல் 'ஐ ஆம் 8-பிட்' என்ற கண்காட்சி, பழைய கேம்களை ஓவியர்களின் கையில் கொடுத்தது. 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் பேக்-மேன் உட்பட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. நல்ல விஷயம்தான். ஆனால் என்னை உறுத்துவது அந்தப் பென்சில் கையெழுத்து.

அட்டாரியில் நிரல் எழுதியவர்களுக்கே பெயர் போடவில்லை. அதனால்தான் வாரன் ராபினெட், 1980இல் வெளிவந்த அட்வென்ச்சர் விளையாட்டுக்குள் ஒரு ரகசிய அறை வைத்து, தன் பெயரை அங்கே எழுதினார். பெட்டிகளுக்கு வரைந்தவர்களில் சிலரை இப்போது ஆய்வாளர்கள் தேடி எழுதுகிறார்கள். ரப்பர் கட்டையை இழுத்தவர்களுக்கோ ஒளித்துவைக்க ஒரு அறைகூடக் கிடையாது. ஆயிரக்கணக்கில் அடித்தார்கள், எண் போடவில்லை, கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இதை அண்ணனிடம் சொன்னேன். "பத்திரிகைல மாப்பிள்ளை பேருதான் வரணும், எம்பேரு எதுக்கு?" என்று சிரித்தார். பேச்சு அத்தோடு முடிந்தது. காயப்போட்டிருந்த அட்டைகளை எடுக்கும்போது ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், அடியில் ஓர் ஓரமாக, எறும்பு அளவு எழுத்தில் அவருடைய அச்சகத்தின் பெயர் இருந்தது.