இலுலிசாட்

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், டிஸ்கோ விரிகுடாவுக்குள் வரும் ஆர்க்டிக் பயணக் கப்பல்கள் தேடிவரும் ஊர் இலுலிசாட். கிரீன்லாந்து மொழியில் இதற்கு ‘பனிப்பாறைகள்’ என்றே பொருள். ஒன்றே ஒன்று என்றால் ‘இலுலியாக்’. 1741இல் வணிகர் யாகோப் செவரின் பெயரால் டேனிஷ்காரர்கள் இட்ட யாகோப்ஸ்ஹாவ்ன் என்ற பெயரைவிட இது எவ்வளவு உண்மையானது! ஊரை ஒட்டிய ஃபியோர்டின் (நிலத்துக்குள் நீளும் ஒடுங்கிய கடற்கழியின்) வாயில், கடலடியில் சுமார் 200 மீட்டர் ஆழத்தில் ஒரு மேடு இருக்கிறது. பெரிய பனிப்பாறைகள் அதில் தரைதட்டி, உடைந்து சிறுக்கும்வரை அங்கேயே நிற்கின்றன.

கிரீன்லாந்து மொழியில் மிதப்பது இலுலியாக்; அதை ஈனும் பனியாறு ‘செர்மெக்’; நீண்டொடுங்கிய ஃபியோர்டு ‘காங்கெர்லுக்’. நம் செய்தித்தாள்களிலோ முதல் இரண்டுமே பல நேரம் ‘பனிப்பாறை’தான். இது சின்னப் பிழையன்று. மிதக்கும் பாறை உருகினால் கடல்மட்டம் அநேகமாக மாறாது. அதன் எடைக்குரிய நீரை ஏற்கெனவே அது விலக்கிவிட்டது. நிலத்தில் கிடக்கும் பனியாறு உருகினால் கடல் உயரும். ‘பனிப்பாறை உருகுகிறது’ என்று படிப்பவருக்கு எது உருகுகிறதென்று தெரிய வேண்டாமா? ‘பனியாறு’ என்ற நல்ல சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.