காவலூர் கண்ணாடியை எப்படிக் கழுவுவது?

ஜவ்வாது மலைன்னா நமக்குத் தேனும் சாமையும் ஞாபகம் வரும். அங்கே காவலூர்ல 2.34 மீட்டர் அகலத்துக்கு ஒரு கண்ணாடியும் இருக்கு. அதை வச்சு ஒரு பெரிய தொலைநோக்கி அமைக்கணும்னு கனவு கண்டவர் வானியலாளர் வைணு பாப்பு. 1982லயே அவர் இறந்துட்டார். 1986 ஜனவரி 6ல ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே சூட்டினார்.

இதை எப்படிக் கழுவுவாங்க? நம்ம வீட்டுக் கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம், இதுக்கு முன்பக்கம். அந்த அலுமினியப் பூச்சு தலைமுடித் தடிமன்ல நூறில் ஒரு பங்குகூட இல்லை. அழுத்தித் துடைச்சா கீறிடும். அதனால பூச்சு மங்கினா, பழசை ரசாயனத்தால கரைச்சு, உப்பு நீக்கிய தண்ணியில அலசி, வெற்றிட அறையில புது அலுமினியம் படிய வைப்பாங்க. உப்பில்லாத தண்ணி காய்ஞ்சா திட்டு விழாது.

நம்ம ஊர் கட்டடங்களோட ஜன்னலைத் தண்ணி பாயும் கம்பால கழுவுறதும் இதே விதியிலதான். கம்பு வாங்குறவங்க முதல்ல நீளத்தைத்தான் பார்க்கிறாங்க. நான் தண்ணியைப் பார்க்கச் சொல்வேன். டிடிஎஸ் பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும். அடுத்தது, மென்மையான நைலான் பிரஷ். கடைசியாத்தான் கம்பு. கார்பன் ஃபைபர் எடை குறைவு, தோள் தாங்கும். ஆனா அது மின்சாரம் கடத்தும், மேலே ஒயர் இருந்தா வேண்டவே வேண்டாம்.

ஓஎம்ஆர்ல கயித்துல தொங்கித் துடைக்கிற அண்ணன்கள், கீழ் மாடிகளையாவது தரையில நின்னே முடிக்கலாமே!